எக்டு

நாலு நாற்பதுக்குக் கதவைச் சாத்துகிறேன், சத்தமில்லாமல்.
ஐந்து இருபத்தைந்துக்குத் திரும்பியாக வேண்டும்.
குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் ஐந்து பத்துக்கே.
வாரம் ஐம்பது கிலோமீட்டர் ஓடு என்பார்கள் தெரிந்தவர்கள்.
எனக்கு வாய்த்தது பதினெட்டு.
ஞாயிறு ட்யூட்டி விழாவிட்டால் இருபத்தாறு.

கொசப்பேட்டை நாய்களுக்கு நான் பழகிவிட்டேன்.
அகழியோரம் கொஞ்ச தூரம், பிறகு காந்தி ரோடு.
அங்கேதான் சிக்கல்.
லாட்ஜ் வாசல்களில் அந்நேரத்துக்கே
ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மால்டாவிலிருந்தும் அகர்தலாவிலிருந்தும் வந்த குடும்பங்கள்
டோக்கன் வரிசைக்குக் கிளம்பி நிற்கும்.
இந்தத் தெருவில் ஒருத்தி ஓடுகிறாள் என்றால்
அவள் வீட்டில் யாருக்கோ
மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.
சட்டென்று வழி விடுவார்கள்.
ஒரு தபா ஒருவர் கூடவே ஓடிவந்தார்
ரப்பர் செருப்போடு, மருந்துக்கடை முனை வரை,
"எந்த வார்டு? பணம் வேணுமா?" என்று இந்தியில்.
என்னவென்று சொல்ல?
சும்மாதான் அண்ணா, ஓடுகிறேன் என்றேன்.
அவர் நின்ற நிற்பு
அடுத்த மூன்று நாள் என்னைப் பாலாற்றுப் பக்கம் துரத்தியது.

ஏழரைக்கு நான் ரத்தம் எடுக்கும் மேசையில் இருப்பேன்.
சட்டையில் குத்திய பெயரைப் படித்துவிட்டு
"தில்லியா?" என்பார்கள், ஆள் கிடைத்த சந்தோஷத்தில்.
டில்லிராணி, அணைக்கட்டுப் பக்கம்.
தில்லிக்கு நான் போனதேயில்லை.
ஆனால் கையை நீட்டச் சொல்லவும் மடக்கச் சொல்லவும்
நாலு பாஷை தெரியும்.
ஊசி இறங்கும்போது "பேத்தா?" என்பேன்.
வலிக்கிறதா என்று அர்த்தம்.
"எக்டு" என்பார்கள். கொஞ்சம்.
பதினோரு வருஷத்தில் யாரும் அதற்குமேல் சொன்னதில்லை,
உதட்டைக் கடித்தவர்கள் உட்பட.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, கோட்டை மைதானம்.
நெஞ்சில் குத்திய எண்ணுக்குக் கீழே
டெல்லி என்று மட்டும் அச்சாகியிருந்தது.
"கமான் டெல்லி!" என்று கத்தினான்
தண்ணீர் நீட்டிய காலேஜ் பையன்.
பதினாலு கிலோமீட்டர் வரை தெரிந்த ஊர்.
அதற்கு மேல் என் கால் ஒரு நாளும் போனதில்லை.
காட்பாடியில் திரும்பும்போது
வெயில் எழுந்து மொட்டைப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டது.
எங்கள் ஊர் வெயிலுக்கு மாசக் கணக்கு தெரியாது.
உப்பு கண்ணில் இறங்க, பாலாற்றுப் பாலம்.
கீழே மணல், முள்செடி,
கொடிக்கயிறு அகலத்துக்குத் தண்ணீர்.
எபினேசர் இரவல் தந்த கைக்கடிகாரம் பதினெட்டு என்றது.
வலது தொடையில் யாரோ துணி பிழிந்தார்கள்.
நடந்தேன்.
ஆமாம், நடந்தேன். ஐந்நூறு தப்படி இருக்கும்.
வெள்ளை பனியனில் எழுபது வயதுக்காரர் ஒருவர்
என்னைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்க்காமல்.
அது ஒரு மரியாதை.

பின்னால் ஆம்புலன்ஸ் ஊளையிட்டபோது
பழக்கதோஷம், ஓரம் ஒதுங்கினேன்.
அது போன பிறகு கவனித்தால்
ஒதுங்கிய கால் ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்தோரு கிலோமீட்டர் முடிந்தாலும் முடிவதில்லை.
இன்னும் தொண்ணூற்றேழரை மீட்டர் இருக்கிறது.
அந்த அரையை எந்தப் புண்ணியவான் அளந்தானோ.
இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம்.
வளைவைக் காற்றிறக்கி மடித்துக்கொண்டிருந்தார்கள்.
வாழைப்பழம் தீர்ந்திருந்தது.
மெடல் இருந்தது, அட்டைப்பெட்டியில் நிறையவே.
ஸ்கூட்டரில் சாய்ந்து நின்ற சீனு
"தண்ணி வந்துட்ச்சி, புட்ச்சிட்டேன்" என்றார், முதலில்.
அதைவிட நல்ல வார்த்தை அன்று யாரும் சொல்லவில்லை.

திங்கள். மாடிப்படியில் நண்டுபோல இறங்கி
மேசைக்கு வந்தேன்.
முதல் டோக்கன் சிலிகுரி அம்மாள். ஒளிகிற நரம்பு.
மூன்றாம் குத்தில்தான் அகப்பட்டது.
பஞ்சை வைத்துவிட்டு
நாற்காலியைப் பிடித்துப் பிடித்து நான் எழுந்ததைப் பார்த்து
மடக்கிய கையைப் பிரிக்காமலே கேட்டாள்:
"பேத்தா?"
எக்டு என்றேன்.

அவள் நம்பவில்லை.