குறிப்பிடப்படவில்லை

மிஷன் வீதி, செருப்புக் கடைக்கு மேல்மாடி.
மாதிரித் தேர்வு.
காற்றாடிக்குப் பறக்காமலிருக்கத் தாள்மேல் சாவிக்கொத்து.
கியூபெக் போகப் பிரெஞ்சு வேண்டும்.
விடியுமுன் பரங்கிப்பேட்டையில் ஏறி
கடலூரில் பஸ் மாறி வந்தவள் நான்.

வாசித்துப் புரிதல், மூன்றாம் பகுதி.
ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து. ஆற்றுக்குள் கப்பல்.
வழி காட்டும் பையன்கள் இருவர்
கரையைச் சுட்டி ‘கனாட்டா’ என்கிறார்கள்.
அப்படியென்றால் ஊர்.
வெறும் ஊர்.
‘ஊர் வந்தாச்சு, இறங்கு’ என்பாரே கண்டக்டர், அந்த ஊர்.
வந்தவர்கள் வரைபடத்தில் குறித்துக்கொண்டார்கள்.
அது பாதிக் கண்டமாக வீங்கிவிட்டது.

மரப்பட்டை வேய்ந்த நெடிய வீடுகள்,
ஒரே கூரைக்குக் கீழே பல அடுப்பு.
ஒரே மண்மேட்டில் மக்காச்சோளம், அதைப் பற்றி ஏறும் அவரை,
காலடியில் பரங்கிக்கொடி.
பேனா நின்றது.
அவர்கள் கொல்லையில் காய்த்ததற்கு
தூக்கி வந்தவன் பேரையல்லவா வைத்திருக்கிறோம்!
எங்கள் ஊருக்கும் அவன் பேர்தான்.

பனிக்காலத்தில் வந்தவர்களுக்கு ஈறு அழுகிற்று.
ஊர்க்காரர்கள் ஒரு மரத்தின் இலையும் பட்டையும்
காய்ச்சிக் கொடுத்தார்கள்.
பிழைத்தவர்கள், பனி உருகியதும்
ஊர்த்தலைவரையும் இன்னும் சிலரையும் கப்பலில் ஏற்றிப் போனார்கள்,
திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி.

ஐந்து வருஷம் கழித்துக் கப்பல் மட்டும் வந்தது.
‘தலைவர் காலமானார். மற்றவர்கள் அங்கேயே கல்யாணம் முடித்து
சீமான்களாக இருக்கிறார்கள். வர இஷ்டமில்லை.’
அடிக்குறிப்பு, பொடி எழுத்தில்:
ஒரு சிறுமி தவிர அனைவரும் அதற்குள் இறந்திருந்தனர்.

அடுத்த மேசையில் செலஸ்தீன் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.
அவள் சித்தப்பா தூலோன் போய்ப் பத்தொன்பது வருஷம்.
உப்பளம் வீட்டுக்கு வருகிற சேதியும் இதேதான்:
சௌக்கியம். கல்யாணம். வர இஷ்டமில்லை.

கேள்வி ஒன்பது.
அறுபது, எழுபது ஆண்டு கழித்து வேறு கப்பல்கள் வந்தபோது
ஆற்றங்கரை ஊர்கள் காலி.
அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள்?
அ. தெற்கே
ஆ. மேற்கே
இ. போரில் மடிந்தார்கள்
ஈ. பகுதியில் குறிப்பிடப்படவில்லை

சரியான விடை ஈ. ஒரு மதிப்பெண்.
வட்டத்தை நிரப்பினேன்,
தாள் கிழிகிற மட்டும்.

மத்தியானம் பேச்சுத் தேர்வு.
முதல் கேள்வி எல்லோருக்கும் தெரியும்:
உங்கள் ஊர் எது?
வாய் தவறி
கனாட்டா என்று சொல்லிவிடுவேனோ
என்றுதான் பயம்.