பதினொன்றரை மணிப் படகு

படகில் ஏறுகிறவர் எவரானாலும்
மிதவைச் சட்டை போட்டாக வேண்டும் என்றான் டெரக்.
லெஸ்டரில், சோர் ஆற்றில்,
மாதம் ஏழெட்டுச் சாம்பல் ஏற்றுகிறவன்.
விதிகள் அச்சடித்த தாள் வைத்திருந்தான், குஜராத்தியிலும்:
பூவை உதிர்த்துப் போடலாம், மாலையாகக் கூடாது.
நூல் கூடாது. தேங்காய் கூடாது.
பால் ஒரு கோப்பைக்கு மேல் கூடாது.

நான் போட்டுக்கொண்டேன்.
கால்கரியிலிருந்து வந்த தம்பி ஹிதேஷ்
தொப்பைக்கு மேல் கொக்கி எட்டாமல் போட்டுக்கொண்டான்.
குந்தன் அத்தை புடவையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.
அம்மாவும் போட்டுக்கொண்டு,
மடியிலிருந்த கலயத்தைக் காட்டி
"இவருக்கு?" என்றாள்.
"இவருக்கு நீச்சல் தெரியாது."

உண்மைதான்.
ஏரியை விட்டு நைல் புறப்படும் ஜிஞ்சாவில் பிறந்து
இருபத்தாறு வருடம் அதன் கரையில் கடை வைத்திருந்தவர்
கணுக்காலுக்கு மேல் நனைத்ததில்லை.
நீர்யானை பயம் என்பார்.
பிறகு, தொண்ணூறு நாளில் வெளியேறு என்றார்கள்.
எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று
லெஸ்டர்க்காரர்கள் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துத்தான்
இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரிந்ததாம் அப்பாவுக்கு.
வந்தார். முப்பத்தொரு வருடம்
காலுறை ஆலையில் ஜோடி எண்ணினார், இரவுப் பணியில்.
போர்பந்தரை வரைபடத்தில் விரலால் தொட்டதோடு சரி.

டெரக் சிரித்திருக்கலாம்.
பின்பக்கம் போய்
வாத்துப் படம் போட்ட குழந்தைச் சட்டை ஒன்று
எடுத்து வந்தான்.
கலயத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

கைப்பேசியில் திரிவேதி மகாராஜ், துவாரகையிலிருந்து.
அவருக்குப் பின்னால் ஆட்டோ ஹாரன்.
"கோத்திரம்?"
ஹிதேஷ் என்னைப் பார்த்தான்.
நான் அத்தையைப் பார்த்தேன்.
அத்தை தண்ணீரைப் பார்த்தாள்.
"தெரியாதவர்களுக்கெல்லாம் காசியபர்,
கவலை வேண்டாம். நதியின் பெயர்?"
"சோர்."
"சோரனா! திருடன் பெயரிலா நதி?
நான் கங்கை என்றே சொல்லிவிடுகிறேன்."
சொல்லத் தொடங்கி
பாதி மந்திரத்தில் அறுந்துபோனார்.

மீதியை யார் சொல்வது?
பெல்கிரேவ் சாலைக் கடையில் வாங்கிய கங்கைப் புட்டியை
அத்தை திறந்தாள். அடியில் ஒரு சீட்டு:
காலாவதி, அடுத்த மார்ச்.
ஹிதேஷ் பிண்டத்தை விளிம்பில் வைத்தான்.
காகம் தேடினோம்.
அன்னம் வைத்த இடத்துக்கு
அன்னமே வந்தது,
கழுத்தை வளைத்து, சீறிக்கொண்டு.
"ராஜாவின் பறவை, தொடாதீர்கள்" என்றான் டெரக்.
நீரிலிருந்து பாலைப் பிரிக்குமாம் அது.
எங்கள் ஒரு கோப்பைப் பாலையும்
ஆற்றையும் சோற்றையும்
எதையும் பிரிக்காமல் விழுங்கிற்று.

கலயத்தைச் சாய்த்தபோது காற்று திரும்பியது.
அப்பாவில் கொஞ்சம்
என் சீருடைக் கையில் ஒட்டிக்கொண்டார்.
இரண்டு மணிக்கு எனக்குப் பேருந்து ஓட்ட வேண்டும்.
தட்டிவிடவில்லை.

"இது எங்கே போகும்?" என்றாள் அம்மா.
டிரெண்ட் ஆற்றில் சேரும், பிறகு ஹம்பர்,
பிறகு வடகடல் என்றான்.
"பிறகு?"
"அதற்குமேல் எனக்குத் தெரியாதம்மா."
அம்மா தலையாட்டினாள்.
"அங்கேதான் அவருக்குப் போய்ப் பழக்கம்."

கரையில் டெரக் சட்டைகளை எண்ணி வாங்கினான்.
ஐந்து. சரியாக இருந்தது.
எங்களுடையவற்றில் நீர் தெறித்திருந்தது,
அத்தையுடையது சொட்டச் சொட்ட.
வாத்துப் படம் போட்டதை
அம்மா திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.
அது நனையவேயில்லை.