நாலு பல்

முன்பல் நாலுக்குத்தான் பணம் இருந்தது.
சிரித்தால் ஆறு தெரியும் என்றார் டாக்டர்.
"நாலுக்குள்ள சிரிச்சுக்கறேன் சார்."

பாலக்கோட்டுக்கு மேற்கே எங்கள் ஊர்.
எண்ணூறு அடியில் போர்த் தண்ணீர்.
அதில் பருப்பு வேகாது,
சோப்பு நுரைக்காது,
பால்பல் விழுந்த இடத்தில்
துருவோடுதான் அடுத்தது முளைக்கும்.
ஐந்தாம் வகுப்புப் போட்டோவில்
நாற்பத்திரண்டு பேர் சிரிக்கிறோம்,
ஒரே காவி.
அங்கே அதற்குப் பேர் பல்.
ஓசூருக்கு வேலைக்கு வந்த பிறகுதான்
கறை என்று பேர் மாறியது.

கம்பெனிக்குள் எட்டு மணி நேரம் முகமூடி.
அதுவரை எல்லோரும் அழகு.
கேன்டீனில்தான் முகம்.

தரம் பார்க்கக் கொரியாவிலிருந்து வந்த ஹே ரிம்
தயிர்சாதத்தைக் கிளறியபடி
கைபேசியைப் பேச விட்டாள்:
"என் கண்மடிப்பு அப்பா வாங்கித் தந்தது.
பள்ளிக்கூடம் முடித்ததற்கு."
சைக்கிள் வாங்கித் தந்த மாதிரி.
குனிந்து பார்த்தேன், தையல் தெரியவில்லை.
வலித்ததா என்றேன்.
"வகுப்பில் பாதிப்பேர் செய்தார்கள்.
செய்யாதவளைத்தான் ஏன் என்று கேட்பார்கள்."
பிறகு கைபேசியை மூடப் போனவள்
மறுபடி திறந்தாள்.
"அம்மாவுக்குப் பழைய கண்.
போட்டோவில் நாங்கள்
பக்கத்து வீட்டுக்காரர்கள்."
சிரித்தாள். கைபேசிக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

சென்றாயனிடம் சொன்னேன்.
"சாமி குடுத்த ஒடம்புல கை வெக்கலாமா?"
கேட்டவர் காதில்
மாமன் மடியில் அழ அழக் குத்திய ஓட்டை.
புஜத்தில் என் பெயர், ஒரு எழுத்து குறைய,
மாரியம்மன் பண்டிகையில் குத்திய பச்சை.
அவருடைய அத்தை போன தை மாதம்
அறுந்து தொங்கிய காதைக்
கிருஷ்ணகிரியில் தைத்துக்கொண்டு வந்தார்.
அன்றைக்கு யாரும் சாமியைக் கூப்பிடவில்லை.
"அது வேற. நகைக்காகப் பண்ணது."
நானும் நகைக்காகத்தான் என்றேன்.
பள்ளிக்கூடத்தில் படித்த இன்னொரு பொருள்.
அவர் கழுத்தைப் பார்த்தார்,
புதிதாக என்ன கேட்கப் போகிறாளோ என்று.

டாக்டர் பெங்களூரில் படித்தவர்.
ஊசி மரத்துப்போகக் காத்திருக்கையில் கதை சொன்னார்.
கூடப் படித்த தெஹ்ரான் பெண்
லீவில் மூக்கைச் சீவிக்கொண்டு வந்தாளாம்.
புண் ஆறியும் பிளாஸ்திரியைக் கழற்றவே இல்லையாம்,
பந்தயத்தில் வாங்கிய பதக்கம் மாதிரி.
"இங்க எல்லாம் சொல்லாமக் கொள்ளாம வர்றாங்க.
பில்லுல வேற பேர் போடச் சொல்றாங்க.
உங்களுக்கு என்னம்மா போடட்டும்?"

மரத்த உதட்டோடு சொன்னேன்:
பல் வலி.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன்.
தங்கச்சி முருகம்மா
வெளிச்சத்துக்கு என் தாடையைத் திருப்பினாள்,
கன்றுக்குட்டிக்குப் பல் பார்ப்பவள் போல.
"நல்லாருக்குக்கா."
அவள் மகன் ஒகேனக்கல் குழாய் வந்த பின் பிறந்தவன்,
வாய் நிறைய வெள்ளை.
"பெரிம்மா, என் பல்லு மாதிரியே!"
என்று என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான்.
நாங்கள் இருவரும் ஒரு வரிசை.
அவள் எதிரே.

சாப்பிடும்போது
ஆடு ரேஷன் கார்டைத் தின்ற கதையை எடுத்தேன்.
எத்தனை தரம் சொன்னாலும்
தரையைத் தட்டிச் சிரிப்பவள் முருகம்மா.
அன்றைக்கும் சிரித்தாள்.
சோற்றுக் கை தட்டில் இருக்க
இடது கை தானாக எழுந்து
வாயை மூடிக்கொண்டது.

எங்கள் ஊரில்
சிரிப்புக்குக் கை போய் நான் பார்த்ததில்லை.

கதையில் மிச்சம் இருந்தது, சொல்லவில்லை.
நாக்கால் தடவினேன்.
நாலும் வழவழவென்று
யார் வீட்டுப் பாத்திரமோ போல.
அதற்கப்பால் ஐந்தாவது,
சொரசொரப்பாக, என்னுடையது.

இப்போதெல்லாம் அவளிடம் பேசும்போது
வாயைக் கோணி
அந்தப் பக்கமாகச் சிரிக்கிறேன்.
வாதமா என்று கேட்கிறாள்,
கையை எடுக்காமல்.