நாற்பத்தேழு விநாடி

நெகட்டிவில் இல்லை.
எண்பத்தாறில் வந்த கேசட்டில் இல்லை.
"முழுமையான பதிப்பு" என்று தங்க எழுத்தில் பொய் சொல்லி
பிறகு வந்த டிவிடியிலும் இல்லை.
வாத்து கலங்கரை விளக்கின் முதல் படியில் கால் வைக்கும்;
அடுத்த ஃபிரேமில் உச்சியில் நிற்கும்.
நடுவே இருந்த படிகளை
ஒரு சலவைத்தூள் விளம்பரத்துக்காக
யாரோ கத்தரித்து எறிந்துவிட்டார்கள்.

பர்பாங்கில், ஜன்னல் இல்லாத அறையில்
கம்பளித் துணியால் செய்த அந்த வாத்தைக்
கழுவுவது என் உத்தியோகம்.
ஒரு நாளைக்கு முந்நூறு ஃபிரேம்.
தூசி எடுப்பேன். கீறல் எடுப்பேன்.
பதினொரு ஃபிரேமுக்கு ஓரத்தில் நெளியும்
யாருடைய தலைமுடியோ, அதையும் எடுப்பேன்.
வாத்தைத் தூக்கிப் பிடித்த நூல்
அந்தக் காலத்து டப்பாத் திரையில் தெரிந்ததில்லை,
இப்போது தாம்புக் கயிறாகத் தெரிகிறது.
"அழித்துவிடு" என்றார் ஃபெல்ட்மேன்.
அழித்தேன்.
அதன் முதுகில் மட்டும் ஓயாமல்
மயிர் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்குகிறது.
காற்றில்லை அது.
ஒவ்வொரு முறையும் நகர்த்தி வைத்தவளின் விரல்.
அதில் நான் கை வைக்கவில்லை.

பிப்ரவரியில் டுலூத்திலிருந்து ஒரு பார்சல்.
ரொட்டிப் பையில் சுற்றிய பீட்டாமேக்ஸ் நாடா.
சீட்டில் "ஹாக்கி இறுதி ஆட்டம்" என்பதை அடித்துவிட்டு
ஆரஞ்சு கிரேயானில்:
வாத்து. அப்பாவுக்கு.
அதற்கும் கீழே, தாளைக் கிழித்த பால்பாயின்ட் அழுத்தத்தில்
வேறொரு கை:
அழிக்காதே.

கடிதம் நாலு வரி.
"பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவன்.
அன்று எனக்கு இரவு வேலை, கிர்ஸ்டன் பதிந்து வைத்தாள்.
நாடாவைத் திருப்பி அனுப்பவும்,
ஆட்டத்தின் பிற்பாதி இன்னும் அதில் இருக்கிறது.
ஆர்வில் ஹாகன்."

அந்த ஊர் நிலையம் மட்டும்
பழைய பிரதியை வெட்டச் சோம்பல்பட்டிருக்கிறது.
சோம்பலுக்கு ஒரு கும்பிடு.
ஈரம் போக எட்டு மணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்து
ஓட்டினோம்.
கோடு, கோடு, இரைச்சல்.
பிறகு, படி.

வாத்து ஏறுகிறது.
படிக்கொரு முறை நின்று மூச்சு வாங்குகிறது.
ஏழாவது படியில் ஒரு சாளரம்.
வெளியே, தன்னை விட்டுப் போன கூட்டம்
அம்பு முனையாய், எறும்பாய், ஒன்றுமில்லாததாய்
தெற்கே சிறுத்துக்கொண்டே போகிறது.
பார்க்கிறது.
அப்புறம் எட்டாவது படி.
அவ்வளவுதான்.
இதைத்தான் சலவைத்தூளுக்கு விற்றார்கள்.
இது இல்லாமல்
அது விளக்கேற்றியது வெறும் சாமர்த்தியம்.

திரையின் அடியில் ஓர் எழுத்து வரிசை ஊர்கிறது.
பனிப்புயல். நாளை பள்ளிகள் இல்லை:
ஹெர்மன்டவுன், ப்ராக்டர், டூ ஹார்பர்ஸ்...
வாத்தின் பாதங்களுக்குக் கீழே
ஊர் ஊராய்க் கதவடைக்கிறது.
யாராவது சோபாவில் குதித்திருப்பார்கள்;
அது பதிவாகவில்லை.
பெட்டி பேசுவதைத்தான் நாடா கேட்கும்,
அறை பேசுவதை அல்ல.
ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் விளக்கு சுழல
ஒரு லாரி கடந்திருக்கலாம்.
அதுவும் இல்லை.

"வரிசையை எடுத்துவிடு" என்றார் ஃபெல்ட்மேன்.
இரண்டு வாரம். எழுத்து எழுத்தாய்ப் பெயர்த்து
அடியில் மறைந்த படிகளை வரைந்து நிரப்பினேன்.
ஆனால் வட்டின் முகப்புப் பக்கத்தில்
விளக்கின் மேல் நிறுத்தி மேல்-அம்பை இருமுறை தட்டினால்
டுலூத்தில் பனி பெய்யும்.
ஃபெல்ட்மேனுக்கு இது தெரியாது.

நவம்பரில் கடைக்கு வந்தது.
உறையில் அதே தங்க எழுத்து: "முதன்முறையாக, முழுமையாக."
இந்தத் தடவை பொய்யில்லை,
கிட்டத்தட்ட.

நாடாவை எப்போதோ திருப்பி அனுப்பிவிட்டேன்.
பொட்டலம் கட்டுமுன் கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தபோது
வாத்து முடிந்த மறுநொடி, அறிவிப்பே இல்லாமல்,
பாதி வீச்சில் ஒரு மட்டை,
எழுந்து நிற்கும் பத்தாயிரம் பேர்.
யார் ஜெயித்தார்கள் என்று பார்க்காமல்
நிறுத்தினேன்.
அது அவருடையது.