ஓர் அடைப்புக்குறி

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில்
பேனாவுக்கு அனுமதியில்லை. பென்சில் மட்டும்.
தள்ளுவண்டியில் பதிவேட்டைக் கொண்டுவந்த நொம்புமெலேலோ
"உங்க ஆளுங்க இன்னைக்கு ரொம்பக் கனம்" என்றாள்.
இது என் ஏழாவது வியாழக்கிழமை.

எங்கள் குடும்பப் பெயர்
ஒரு வெள்ளைக்கார எழுத்தரின் காதில் பிறந்தது.
பூட்டன் சொன்னது ஐயாக்கண்ணு.
அவர் எழுதியது இயாகானூ.
அதைத்தான் காசோலையிலும் கல்லறையிலும்
போட்டுக்கொள்கிறோம்.

பூட்டன் வளர்ப்புப் பிள்ளை என்பது ரகசியமில்லை.
பெற்றவள் கப்பலிலேயே செத்தாள், கடலில் போட்டார்கள்,
பக்கத்துப் பாயில் கிடந்த தாயாரு
பிள்ளையை எடுத்து மார்பில் அணைத்துக்கொண்டாள்.
இப்படித்தான் சொல்வார்கள்,
கல்யாணப் பந்தியில், அப்பளம் நொறுங்கும் சத்தத்தோடு.

செத்தவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்குமே.
அது போதும் என்றுதான் வந்தேன்.

1889, மார்ச்.
41207 செங்கேணி, பெண், இருபத்திரண்டு.
ஊர் சேத்துப்பட்டு என்று நினைக்கிறேன், மை ஊறியிருக்கிறது.
41208 ஐயாக்கண்ணு, ஆண், எட்டு மாதம்.
41209 தாயாரு, பெண், இருபத்தாறு.
41210 பெண் குழந்தை, பெயரில்லை,
குறுக்கே சிவப்புக் கோடு: பயணத்தின் பதினோராம் நாள்.

செங்கேணிமேல் கோடில்லை.

பிள்ளையைத் தாயோடு சேர்க்க எழுத்தர் போட்ட
நெளிந்த அடைப்புக்குறி
மேலே போகாமல் கீழே போயிருக்கிறது.
கை சறுக்கியதா,
யாராவது விரல் நீட்டிக் காட்டினார்களா,
அவருக்குப் பசி நேரமா?
அரை அங்குல மை.
அதைப் பிடித்துக்கொண்டு நாற்பத்தாறு பேர் இறங்கியிருக்கிறோம்.

காய்ச்சல் கொட்டகைப் பதிவில் இருக்கிறாள்:
செங்கேணி, பத்தொன்பது நாள்.
எழுந்து நடந்தபோது அவளை உம்சிண்டோ கரும்புக்கு அனுப்பினார்கள்.
தாயாரு அதற்குள் வெருலம் போயாயிற்று,
இடுப்பில் பிள்ளையோடு.
தெற்கே ஒருத்தி, வடக்கே ஒருத்தி,
நடுவில் டர்பன், தோட்டத்தைத் தாண்ட ஒரு சீட்டு.

மூன்று மனு போட்டிருக்கிறாள்.
எழுதிக் கொடுத்தவன் யாரோ, நல்ல கையெழுத்து.
முதல் மனு பிள்ளையைக் கேட்கிறது.
இரண்டாவதும் கேட்கிறது,
வலது தொடையில் மச்சம் என்கிறது.
ஓரத்தில் பச்சை மை:
பதிவேட்டின்படி மனுதாரருக்குப் பிள்ளை கிடையாது.
மூன்றாவது, ஐந்து வருடம் கழித்து,
பிள்ளையைக் கேட்கவில்லை.
அவனுக்குப் பால்பல் விழ ஆரம்பித்துவிட்டதா,
யாராவது பார்த்துச் சொல்லுங்கள் என்கிறது.
ஓரம் வெறுமை.

தாயாருவைத் திட்ட வாயெடுத்தேன்.
எடுத்த வாய் அந்தச் சிவப்புக் கோட்டில் இடித்துக்கொண்டது.
பால் கட்டிய மார்போடு கரை இறங்கியவள் கையில்
அழுகிற பிள்ளையைக் கொடுத்தால்
அவள் யாரை விசாரிப்பாள்?
தெரிந்தே வைத்துக்கொண்டாளோ என்னவோ.
ஆனால் பெயரை மாற்றவில்லை.
செங்கேணி கூப்பிட்ட பெயரையே கூப்பிட்டிருக்கிறாள்.
அந்தப் பெயரைத்தான் நான்
வங்கிப் பெண்ணுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன், வாரா வாரம்.

மூன்றரைக்கு மூடுகிறார்கள்.
படியில் நின்று சாட்ஸ்வொர்த்துக்குப் போன் போட்டேன்.
"லோகா, உன் வலது தொடையில மச்சம் இருக்கா?"
"கறிக்கடை வரிசையில நிக்கிறேன், அக்கா."
சொன்னேன். பாதிதான் சொல்ல முடிந்தது.
அந்தப் பக்கம் கத்தி எலும்பில் விழும் சத்தம்,
அவன் சத்தம் இல்லை.
பிறகு: "புரட்டாசி வருது.
தாயாருக்கு எப்பவும் ஒரு இலை போடுவோம்.
இவளுக்கு எங்க போட?
ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்காருவாங்களா?"

இலை போடுவதென்றால் முதலில்
அவள் செத்திருக்க வேண்டும்.
இறப்புப் பதிவு எதிலும் இன்னும் அகப்படவில்லை.

கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டே நொம்புமெலேலோ
அடுத்த வியாழனா என்று புருவத்தால் கேட்டாள்.