இருபத்தொன்பது

எசிஹாவை வாணலி என்கிறது அந்தலூசியா முழுதும்.
ஜூலை பிறந்தால்
எண்ணெய் ஊற்றாமலே பொரிகிற ஊர்.

ஃபெர்மினுக்குக் குளிரூட்டி பழுதுபார்க்கிற வேலை.
பகலெல்லாம் யார் யார் மாடியிலோ
இயந்திரங்களின் வயிற்றைத் திறந்து
தூசும் புறா இறகும் அள்ளுவான்.
"குளிரை யாரும் செய்வதில்லை, எலாடியா.
வெப்பத்தை எடுத்து
அடுத்தவன் சன்னலில் வைத்துவிட்டு வருகிறோம்"
என்பான், சட்டையில் உப்புப் பூத்திருக்க.

அப்படிச் சொன்னவன்தான்
எனக்கு ஏழாம் மாதம் நடக்கையில்
ஒரு குளிரூட்டியைத் தோளில் சுமந்து வந்தான்.
தும்பிக்கை போலக் குழாய் வைத்தது. பழையது.
விலையைச் சொல்லவில்லை.
"அறை சூடாகாமல் பார்த்துக்கொள்" என்று மருத்துவச்சி சொன்னதை
வெங்காயம் உரித்தபடி சொல்லியிருந்தேன்.
அதோடு அவன் தூக்கம் போயிருக்கிறது.

என் தங்கை கட்டுகிற மின்கட்டணம் எனக்குத் தெரியும்.
எங்கள் வாடகையில் பாதி.
"முப்பதைத் தொட்டால் பெட்டியைப் பிரிப்போம்" என்றேன்.
"இருபத்தெட்டு" என்றான்.
சந்தையில் கழுதைக்கு விலை பேசியவர்கள்போல
இருபத்தொன்பதில் கை குலுக்கினோம்.

எதிர்ச்சுவரில்
ஹெர்மினியாவின் துணிக்கொடியை வெயில் தொடும்போது
கிழக்குத் தட்டிகள் இறங்கும்.
கோரைப்பாய் கண்ணாடிக்கு வெளியே தொங்கும்.
வெளியேதான்.
உள்ளே வந்துவிட்ட வெயிலுக்குத் திரை போடுவது
திருடனை வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவது.
அடுப்பு காலை ஏழோடு சரி.
தக்காளியும் ரொட்டியும் பூண்டும் அரைத்து
தீ தெரியாத சாப்பாடு.
இஸ்திரிப்பெட்டிக்குச் செப்டம்பர்வரை விடுப்பு.

பகல் முழுக்க இருட்டு.
இருட்டில் கால்விரல் போய் அந்தப் பெட்டியில்தான் இடிக்கும்.
"நான் என்ன வௌவாலா?" என்று ஒருநாள் கத்தினேன்.
வீங்கிய பாதங்களுக்கு வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு
வேலைக்குப் போனான்.

வெப்பமானி பெட்டிமேல் இருந்தது.
மாலை நான்கு மணிக்கு அட்டையில் பென்சிலால் எழுதுவேன்.
இருபத்தாறு. இருபத்தேழு. இருபத்தேழு. இருபத்தெட்டு.
தெருவில் நாற்பத்து மூன்று.

இரவு பதினொன்றுக்குமேல்
முன்னும் பின்னும் எல்லாவற்றையும் திறந்து
காற்றை வீட்டுக்குள் நடக்கவிட வேண்டும்.
ஆனால் முற்றத்தில், எங்கள் தலைக்குமேல்,
காசிமிரோவின் இயந்திரம் ஊதிக்கொண்டிருக்கும்.
பதினெட்டில் வைத்து
போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிற மனிதர்.
ஃபெர்மின் சண்டைக்குப் போகவில்லை.
காசு வாங்காமல் வடிகட்டியைக் கழுவிக் கொடுத்தான்,
கணக்கும் சொல்லிப் பார்த்தான்.
இருபத்திரண்டுவரை வந்தார்.
அதை இறங்கி வந்தார் என்பதா,
ஏறி வந்தார் என்பதா?

ஆகஸ்ட் பதினான்கு, நான்கு மணி.
இருபத்தொன்பது.
குனிந்து பார்த்தேன்; வயிறு தடுத்தது.
சாய்ந்து பார்த்தேன். இருபத்தொன்பதேதான்.
பென்சிலை எடுத்து
இருபத்தெட்டு என்று எழுதினேன்.
யாரை ஜெயிக்க என்று
இன்றுவரை தெரியவில்லை.

இரவு மூன்று மணி.
ஈரத் துப்பட்டி காய்ந்துவிட்டது. குழந்தை உதைத்தது.
"பொய் எழுதினேன்" என்றேன் இருட்டிடம்.
"தெரியும்" என்றது இருட்டு.
"ஐந்து மணிக்கு நான் வந்தபோது அரைப் பாகை கூடவே இருந்தது."
"பிறகு ஏன் பிரிக்கவில்லை?"
"நீ சொல்லட்டும் என்றுதான்."

பிரித்தோம்.
எண்கள் எழுதிய அட்டை கிழியாமல்
மெதுவாக ஒட்டுநாடாவை உரித்தான்.
இருபத்தேழில் ஒரு மணி நேரம், போதும் என்று பேச்சு.
குழாயைப் பின்சன்னலில் பொருத்தினான்;
பொத்தானை அழுத்தவில்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்,
அந்தச் சூடு எங்கே போய் விழும் என்று பார்க்க.

காலி மனை. ஒரு அத்திமரம்.
சன்னலுக்கு நேர்கீழே
நீட்டிப் படுத்திருந்தது ஒரு பூனை.

அதைத் தூக்கி
நான்கடி தள்ளி வைத்துவிட்டு
வந்தான்.