பென்சில் மட்டும்

வியாழன்தோறும் மூன்றரைக்கு வருவார் வெர்னன் டூலி.
முப்பது வருடம் மரலாரி ஓட்டிய கைகள்.
ஆவணக் கூடத்துக்குள் மைப்பேனா ஆகாது என்பதால்
வாசலிலேயே சட்டைப்பையைத் துழாவி
மூன்று பேனாக்களை என்னிடம் ஒப்படைப்பார்.
வெளியே ஒட்டோனபி ஆறு பாதி உறைந்து கிடக்கும்.
பீட்டர்பரோவில் பிப்ரவரி
முடிகிற மாதிரியே இருக்காது.

படச்சுருளைப் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றுவேன்.
நூற்றைம்பது, நூற்றெண்பது வருடம்
மளமளவென்று பின்னால் ஓடும்.
கண்ணாடி பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கிறாய் என்பார்.

முதலில் அயர்லாந்து.
கார்க் பக்கம் ஒரு பங்கு, மழை ஒழுகிய ஏடு.
பங்குச்சாமி லத்தீனில் எழுதியதில்
பிரிட்ஜெட் அங்கே பிரிகிடா.
கப்பல் பட்டியலில் பிடி.
இந்த ஊர்க் கல்லறையில் பெர்த்தா.
ஒருத்திக்கு எத்தனை பேர்,
என் நாய்க்குக்கூட ஒன்றுதான்.

பிறகு ஸ்காட்லாந்து.
பெய்ஸ்லியில் திருச்சபை மூப்பர்கள்
கூடி விசாரித்த குறிப்பேடு.
ஐசபெல் மெக்கில்ரெய்த், மணமாகாதவள், ஏழு மாதம்.
மூன்று ஞாயிறு சபை முன்னால்
முக்காலியில் உட்கார வேண்டும்.
பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று கேட்டார்கள்.
சொல்ல மறுக்கிறாள், என்று எழுதினார் எழுத்தர்.
அடுத்த வாரமும் கேட்டார்கள்.
மறுக்கிறாள்.
பனிப்பொழிவால் ஒரு வாரம் கூட்டமில்லை.
மறுபடி கேட்டார்கள். மறுக்கிறாள்.
நான்காம் முறை கை வலித்திருக்க வேண்டும்,
மேற்படி, என்று மட்டும் இருக்கிறது.

வெர்னன் அந்தச் சொல்லைத் தொட்டார்.
திரையின் வெளிச்சம் நகத்தில் ஏறியது.
எங்கள் வம்சத்திலேயே
வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே ஆள், என்றார்.
அவ்வளவு எரிச்சலிலும்
அவள் பிறந்த வீட்டுப் பெயரை
ஓர் எழுத்து குறையாமல் எழுதியிருந்தார் அந்த எழுத்தர்.

இங்கிலாந்துதான் கழுத்தறுத்தது.
வில்ட்ஷயரில் சின்ன ஊர்.
அச்சடித்த கட்டங்கள், அழகான கையெழுத்து.
தகப்பன் ஜான் ஸ்டோக்ஸ், கூலியாள்.
தாய் மேரி.
எந்த மேரி?
சுற்றுவட்டத் திருமணப் பதிவுகளைப் புரட்டினால்
ஜான் ஸ்டோக்ஸ்களைக் கட்டிக்கொண்ட மேரிகள்
ஐந்து பேர் வந்து நிற்கிறார்கள்.

அன்றைக்குத்தான் என் பெயர் அட்டையைப் படித்தார்.
தாரிணி கதிரமலை.
கதிரமலை உன் குடும்பப்பெயரா?
அப்பாவின் பெயர்.
அவருடைய குடும்பப்பெயர்?
வைத்திலிங்கம். அவருடைய அப்பா.
உன் மகனுக்கு?
அவனுக்கு அவன் அப்பா பெயர், நகுலேசன்.
ஊரில் என் பெயருக்கு முன்னால்
ஒற்றை எழுத்தாய்ப் புள்ளி வைத்து நின்றவர்,
குடிவரவுப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கவே
முழுசாக வந்து பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

வெர்னன் சீட்டியடித்தார்.
இருநூறு வருடம் கழித்து
உன்னைத் தேடப்போகிறவன் பாடு திண்டாட்டம்.
தேடட்டும், என்றேன்.
அம்மா பெயரை அவர் கேட்கவில்லை.
வழக்கம்போல் நானும் சொல்லவில்லை.

ஐந்தே முக்கால். மூடும் மணி அடித்தாயிற்று.
கிளைப்படத்தில் ஒரே ஒரு ஜானுக்குப் பக்கத்தில்
ஐந்து மேரிகளையும்
நெருக்கி நெருக்கி எழுதிக்கொண்டிருந்தார்.
ஆதாரமில்லாமல் யாரையும் கிளையில் ஏற்றக் கூடாது;
புதிதாக வருகிறவர்களுக்கு
நானேதான் பாடம் எடுக்கிறேன்.

நாலாவது மேரியில் முனை ஒடிந்தது.
ஒருத்தியைத் தவிர மற்றவர்கள்
அடுத்தவன் வீட்டுக்காரிகள், என்றேன்.
தெரியும், என்றார்.
வெளியே குளிர்.

இழுப்பறையைத் திறந்து
வேறொரு பென்சிலைச் சீவிக் கொடுத்தேன்.